எங்க தோட்டத்துக் கோயில் செண்பகம்: நாலு அடி மண் கேட்டு ஒரு பதிவு

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிச்சிட்டு, ஒரு டீ போட்டு வச்சுக்கிட்டு நிதானமா படிங்க.

போன ஞாயித்துக்கிழமை கோயில்ல கோத்தோங் ரோயோங் முடிஞ்சதும் குத்தகைக்காரர் வந்து பிரகாரத்தை அளந்தார். திருப்பணி முடிஞ்சு கும்பாபிஷேகம் வரப்போகுது. வாசல் முழுக்க சிமெண்ட் கல் பதிக்கணும்னு திட்டம். வடகிழக்கு மூலையில நான் நாலு குச்சி நட்டு கயிறு கட்டி வச்சிருந்தேன். "இது என்ன ஐயா?"ன்னு கேட்டார். "செண்பகம் வைக்க இடம்"னு சொன்னேன்.

பக்கத்தில நின்ன தம்பி ஒருத்தர், "அண்ணே, செண்பகம்னா பறவைதானே?"ன்னார். இன்னொரு தம்பி, "இல்லடா, கெம்போஜா பூ. கல்லறையில இருக்குமே, அது"ன்னார். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வருத்தமும் வந்துச்சு. ஒரு காலத்தில பேராவில எத்தனையோ தோட்டத்துக் கோயில் வாசல்ல நின்ன மரம். இன்னைக்கு நம்ம பிள்ளைங்களுக்கு அதோட பேரே குழப்பம். அதான் இந்தப் பதிவு.

மொதல்ல பேரைச் சரி பண்ணிக்குவோம்

செண்பகம்னு ஒரு பறவை இருக்கு. செம்போத்துன்னும் சொல்லுவாங்க. அது வேற. சம்பங்கின்னு மாலையில கோக்கிற வெள்ளைப் பூ இருக்கே, கிழங்கு வச்சு வளர்க்கிறது, அதுவும் வேற. மலாய்க்காரர் கல்லறைத் தோட்டத்துல நடுற கெம்போஜா, நம்ம ஆளுங்க கள்ளிமந்தாரைன்னு சொல்றது, அதுவும் வேற. கெம்போஜா அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். கிளையை ஒடிச்சா பால் வடியும். செண்பகத்துல பால் வராது.

நாம பேசுற செண்பகம் மக்னோலியா குடும்பம். நர்சரியில 'மக்னோலியா'ன்னு பலகை போட்டு வச்சிருப்பாங்க, பார்த்துட்டு வெளிநாட்டுச் செடின்னு நினைச்சுக்கிட்டு நகர்ந்துடாதீங்க. 1753-ல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் இதற்கு மிச்செலியா சம்பாக்கா என்று பெயர் வைத்தார். மிச்செலி என்பவர் இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்துத் தாவரவியலாளர். சம்பாக்கா நம்ம 'சம்பகம்'தான். பிறகு இந்த மரத்தை மக்னோலியா இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். அந்தப் பெயர் பிரான்சில் மோம்பெலியே ஊரைச் சேர்ந்த மக்னோல் என்பவருடையது. ஆக, முதல் பெயர் பிரெஞ்சுக்காரருடையது, இரண்டாவது பெயர் நம் பாட்டி வாயில் வந்தது.

மிக மிகப் பழைய குடும்பம் இது. டைனோசர் காலத்திலேயே இந்தக் குடும்பத்து மரங்கள் பூத்திருக்கின்றன. இந்தப் பூக்களில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் வண்டுகள்தான்.

கோயிலுக்கும் செண்பகத்துக்கும் என்ன உறவு?

சங்க இலக்கியத்தில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பட்டியல் வரும். அதில் சண்பகமும் ஒன்று. மலையில் தோழியும் தலைவியும் பறித்துக் குவித்த பூக்கள் அவை.

அப்புறம் தலவிருட்சம். நம்ம ஊர்க்காரங்க நவக்கிரக யாத்திரை போனா கும்பகோணம் பக்கத்தில திருநாகேஸ்வரத்துக்குக் கட்டாயம் போவாங்க. ராகு பகவானுக்குப் பாலாபிஷேகம் பண்ணும்போது பால் நீலமாத் தெரியும்னு எல்லாரும் போன்ல வீடியோ எடுத்துட்டு வருவாங்க. ஆனா அந்தக் கோயிலோட தலவிருட்சம் என்னன்னு கேட்டா தெரியாது. செண்பகம்தான். அங்கே சுவாமிக்கே சண்பகாரண்யேசுவரர் என்று ஒரு பெயர் உண்டு. ஆரண்யம் என்றால் காடு. ராஜகோபால சுவாமி வீற்றிருக்கும் மன்னார்குடியும் செண்பகாரண்யம் என்றே சொல்லப்படுகிறது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிறவர்கள் அதிகம், மேலே காட்டுக்குள் செண்பகாதேவி அருவி என்றும் ஒன்று இருக்கிறது. அம்மன் பெயரிலேயே பூ.

லலிதா சகஸ்ரநாமம் சொல்லுற அக்காமாருக்கு இது தெரியும். அம்பாளின் கூந்தலில் விளங்கும் பூக்களைச் சொல்லும் நாமத்தில் செண்பகம்தான் முதலில் வரும். அம்பாளின் மூக்குக்கு உவமையும் புதிதாக மலர்ந்த செண்பகம்தான். ஒரு மொட்டைக் கையில வச்சுப் பாருங்க, ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு புரிஞ்சிடும்.

இங்கே ஒருத்தர் கட்டாயம் கேப்பார்: "சிவனுக்குச் செண்பகம் ஆகாதுன்னு சொல்றாங்களே?" நாரதர் இந்த மரத்துக்குச் சாபம் கொடுத்ததா ஒரு கதை வாட்ஸ்ஆப்பில சுத்துது. கதை இருக்கட்டும். நம்ம தமிழ்ச் சைவ மரபில் அட்ட புட்பம் என்று எட்டுப் பூக்களைச் சொல்வார்கள்: புன்னை, வெள்ளெருக்கு, செண்பகம், நந்தியாவட்டை, நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை. சிவ பூசைக்கு உரிய எட்டில் மூன்றாவதாகவே செண்பகம் நிற்கிறது. அம்மன் கோயிலில் வைக்க யாரும் தயங்க வேண்டியதே இல்லை.

இதை இங்கே கொண்டு வந்தது யாரு?

தோட்டத்தில வளர்ந்தவங்களைக் கேட்டா, "எங்க பாட்டன் கப்பல்ல கொண்டு வந்த மரம்"னு சொல்லுவாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். பக்தியில சொல்றது, தப்பில்லை. ஆனா வரலாறு கொஞ்சம் வேற.

நம்மவர்கள் இந்த மண்ணுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தது ரப்பர் காலத்தில். 1907-ல் தொழிலாளர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, தோட்ட முதலாளிகள் எல்லாரும் பணம் கட்டிக் கப்பல் செலவுக்கு வழி செய்தார்கள். 1910-ல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. கங்காணிமார் ஊருக்குப் போய் உறவு, தெரிஞ்சவர்னு ஆள் கூட்டி வரும் முறை 1938 வரை நடந்தது. அந்த ஆண்டு இந்திய அரசு அதை நிறுத்தியது. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடஆற்காடு ஜில்லாக்களிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கில் இறங்க வேண்டும். ரஜூலா கப்பலைப் பத்தி உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1926-ல் கட்டி, 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல்.

ஆனால் அவர்கள் இறங்கும் முன்பே செண்பகம் இங்கே இருந்தது. இந்தியாவிலிருந்து பர்மா, சயாம் வழியாக இந்தோனேசியத் தீவுகள் வரைக்கும் இயல்பாகவே வளரும் மரம் இது. மலாயில் செம்பாக்கா என்று பெயர். அது சமஸ்கிருதச் சம்பகத்திலிருந்து வந்த சொல். அதாவது, ரப்பர் கப்பலுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடியே நம் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் போக்குவரத்து இருந்ததற்கு அந்தப் பெயரே சாட்சி. மலாய்ப் பெண்கள் கொண்டையில் வைத்தார்கள், பந்துன் பாட்டுகளில் செம்பாக்கா வரும். நம்ம ஈப்போவிலேயே தாமான் செம்பாக்கா இருக்கு. தினமும் அந்த வழியா போறவங்க, அது நம்ம செண்பகம்தான்னு இனிமே நினைச்சுக்கோங்க.

சீனர்களுக்கும் இது வேண்டிய பூதான். ஈப்போவில் கந்தோனிஸ் பேசுகிறவர்கள் வெள்ளைச் செண்பகத்தைப் பாக் லான் என்பார்கள். ஹாங்காங்கில் வயசான அம்மாக்கள் தெருவோரம் உட்கார்ந்து இந்தப் பூவைக் கம்பியில் கோத்து விற்பது பழைய வழக்கம்.

அதனால் நம் பாட்டனும் பாட்டியும் மரத்தைக் கொண்டு வரவில்லை. அவர்கள் செய்தது வேறு. புது நாட்டில், பேர் தெரியாத காட்டுக்கு நடுவில், தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். அதை எடுத்து வந்து அம்மன் வாசலில் நட்டிருக்கிறார்கள். வேப்ப மரத்துக்கும் அரச மரத்துக்கும் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தார்கள்.

மஞ்சளும் வெள்ளையும்

தமிழ்நாட்டுக் கோயில் செண்பகம் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம். இங்கே நம் தோட்டத்துக் கோயிலில் நின்றது வெள்ளை. இதழ் மெலிசா, நீளமா இருக்கும். வாசனை இன்னும் குளிர்ச்சி. மலாயில் செம்பாக்கா பூத்தே. சயாமிலும் இரண்டையும் பிரித்துச் சொல்வார்கள், மஞ்சளுக்குச் சம்பா, வெள்ளைக்குச் சம்பி.

சின்ன வயசுல எனக்கு ஒரு குறை. "நம்மகிட்ட இருக்கிறது அசல் இல்லை போல"ன்னு. பிறகுதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். வெள்ளைச் செண்பகம் ஒரு கலப்பு மரம். ஒரு பக்கம் நம்ம மஞ்சள் செண்பகம். இன்னொரு பக்கம் மலாயா, சுமத்ரா, ஜாவா மலைக்காடுகளில் வளரும் மக்னோலியா மொந்தானா. அந்தப் பக்கத்து வழி ஒன்று, இந்தப் பக்கத்து வழி ஒன்று. நம்மளைப் பத்தி யாராவது இப்படிச் சொன்னா நாம மறுப்போமா? இங்கே பிறந்து, இங்கே வளர்ந்து, தமிழ்ல சாமி கும்பிடுறோம். நம்ம கோயிலுக்கு இந்த மரம் பொருத்தம்தான்.

இன்னொரு விஷயம்தான் முக்கியம். கலப்பு மரம் என்பதால் வெள்ளைச் செண்பகத்தில் விதை பிடிப்பது மிக அபூர்வம். மஞ்சளில் காய் வெடித்துச் சிவப்பு விதை தெரியும், பறவை தின்று போய் எங்காவது போடும், தானே முளைக்கும். வெள்ளை அப்படி முளைக்காது. யாராவது ஒரு மனுசர் கிளையில பதியம் கட்டி, வேர் வரவச்சு, வெட்டிக் கொண்டு போய் நட்டால்தான் அடுத்த மரம். இல்லைன்னா ஒட்டு. அப்படிப் பார்த்தா பேராவில நீங்க பார்க்கிற ஒவ்வொரு வெள்ளைச் செண்பகமும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்தது. நடுவில ஒருத்தர் கை நின்னு போச்சுன்னா அந்த வழி அத்தோட முடிஞ்சுது.

பலகை உள்ள மரமும் பலகை இல்லாத மரமும்

மரத்தை மதிக்கிற ஊருதான் நம்ம ஊரு. ஈப்போ என்ற பெயரே ஒரு மரத்தின் பெயர். அதன் பாலில் இருந்த விஷத்தைப் பூர்வகுடி மக்கள் ஊதுகுழல் அம்புக்குத் தடவினார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே அந்த ஈப்போ மரம் ஒன்று இன்றும் நிற்கிறது.

கோலகங்சாரில் இன்னொரு மரம். 1876-ல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதை போனது. 1877-ல் அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் 9 கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை நட்டார். அந்தக் காலத்து மரம் என்று ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் வேலியும் பலகையுமாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். காட்டட்டும். அந்த மரத்தால்தான் நம் குடும்பங்கள் இந்த நாட்டுக்கே வந்தன.

ஆனால் அந்த மரத்தை வெட்டிப் பால் எடுத்த நம் பாட்டிமார் விடியற்காலையில் எழுந்து, பெரட்டுக்குப் போகும் முன்னே எந்த மரத்தடியில் நின்று கும்பிட்டார்களோ, அந்த மரத்துக்குப் பலகை கிடையாது. எந்த ஆபீஸ் கணக்குப் புத்தகத்திலும் அது இல்லை. பால் மரத்துக்கு நம்பர் உண்டு, நிரை உண்டு, எத்தனை மரம் வெட்டினே என்று கிராணி கேட்பார். கோயில் செண்பகத்தை யாரும் எண்ணவில்லை.

எங்க பாட்டி தொரட்டி வச்சு வெள்ளிக்கிழமை காலையில பூ பறிப்பாங்க. இருட்டா இருக்கும். லயத்துல யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. நான் டார்ச் லைட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். ஒரு பித்தளைத் தட்டுல பத்து, பதினஞ்சு மொட்டு. காம்பு குட்டை, கட்டுறது கஷ்டம். அதனால அப்படியே அம்மன் பாதத்துல வச்சிடுவாங்க. ஒரே ஒரு பூவை மட்டும் தன் கொண்டையில சொருகிக்கிட்டு வெட்டுக்காட்டுக்குப் போயிடுவாங்க. பத்து மணிக்குத் திரும்பி வரும்போது பால் வாடையோட சேர்ந்து அந்தப் பூ வாசமும் வரும். இன்னைக்கும் எனக்குப் பாட்டின்னா அந்த ரெண்டு வாசமும்தான்.

நாங்க கிளம்பின கதை

தோட்டம் கைமாறுறது புதுசு இல்லை. 1950களிலேயே பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். தொழிலாளர்கள் தெருவில் நிற்கக் கூடாது என்றுதான் நம்ம சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். அந்த வரலாறு தனிப் பதிவு. பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை வெட்டித் தாமான் கட்டினார்கள்.

எங்க முறை வந்தது தொண்ணூறுகளின் கடைசியில. யார் மேலயும் பழி சொல்றதுக்காக எழுதலை. கோயிலுக்கு வேற இடம் கொடுத்தாங்க, அதுவரைக்கும் நல்லது. அம்மன் சிலை, சூலம், மதுரைவீரன் அருவா, மணி, உண்டியல், எல்லாத்தையும் லாரியில ஏத்தினோம். பெண்கள் அழுதுக்கிட்டே வந்தாங்க. செண்பகத்தை மட்டும் ஏத்த முடியலை.

மரத்தைத் தோண்டி எடுத்துட்டுப் போகலாம்னு இளைஞர்கள் நாங்க கேட்டோம். பூசாரி தாத்தா வேண்டாம்னுட்டார். மக்னோலியா குடும்பத்து வேர் சதைப்பிடிப்பா, ஒடியுற மாதிரி இருக்கும். பெரிய மரத்தைப் பேர்த்தா பெரும்பாலும் பிழைக்காது. அவருக்கு இந்த அறிவியல் பேரெல்லாம் தெரியாது, ஆனா தெரியும். வயசுல இருந்தப்போ தோட்டத்து நாற்றுமேட்டுல ஒட்டு கட்டுற வேலை பார்த்தவர். 1920களுக்குப் பிறகு ரப்பர் தோட்டங்களில் ஒட்டுக் கன்று முறை பரவியது. நல்லாப் பால் தர்ற மரத்தோட மொட்டை எடுத்து நாத்துல வச்சுக் கட்டுறது. துரைக்காகக் கத்துக்கிட்ட கை வேலையை அவர் அம்மனுக்காகச் செஞ்சார்.

கிளம்புறதுக்கு மூணு மாசம் முன்னாடியே செண்பகத்துல மூணு கிளையில பதியம் கட்டி வச்சிருக்கார். எங்ககிட்ட சொல்லவே இல்லை. லாரி கிளம்புற அன்னைக்கு மூணையும் அறுத்து, மூணு பெயிண்ட் டின்னுல வச்சு எங்க கையில கொடுத்தார்.

ஒண்ணு வாடகை வீட்டு வாசல்ல காய்ஞ்சு போச்சு. ஒண்ணைப் புதுக் கோயில்ல வச்சோம். இன்னொண்ணை எங்க அம்மா வீட்டுப் பின்னாடி வச்சாங்க.

என் கையால் நடந்த தப்பு

புதுக் கோயில்ல வச்ச மரம் நல்லாத்தான் வந்துச்சு. ஆள் உயரம் தாண்டிப் பூக்கவும் ஆரம்பிச்சுது. அடுத்த திருப்பணியில "இலை கொட்டுது, எறும்பு வருது, மழை பெய்ஞ்சா சேறு"ன்னு எல்லாரும் சொன்னாங்க. சொன்னதுல தப்பில்லை, பெருக்குறவங்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். வாசல் முழுக்க சிமெண்ட் போடலாம்னு முடிவாச்சு. அடிமரத்தைச் சுத்தி ஒரு சாண் கூட விடலை. அன்னைக்குச் சிமெண்ட் குழைச்சு ஊத்தினவங்கள்ல நானும் ஒருத்தன். என் கையாலதான் மட்டம் தட்டினேன்.

ஒரு வருசத்துல இலை மஞ்சளாச்சு, நரம்பு மட்டும் பச்சை. உரம் போட்டோம், மஞ்சத் தண்ணி ஊத்தினோம், கண்ணேறு கழிச்சோம். ரெண்டாம் வருசம் பட்டுப் போச்சு. பூசாரி தாத்தா அப்போ உயிரோட இருந்தார். வந்து பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

பிறகுதான் காரணம் தெரிஞ்சுக்கிட்டேன். செண்பகத்துக்குக் கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ள மண் வேண்டும். சிமெண்ட்டில் சுண்ணாம்பு இருக்கிறது. மழைத் தண்ணீர் அதைக் கரைத்து வேருக்குக் கொண்டு போகும். அந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் இலை மஞ்சள், நரம்பு பச்சை. வேர் மூச்சு விடவும் வழி இல்லை. கிந்தாப் பள்ளத்தாக்கில் இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். கல்லுமலைக் கோயிலுக்குப் போறவங்க பார்த்திருப்பீங்க, நம்மைச் சுற்றி நிற்பதெல்லாம் சுண்ணாம்புப் பாறை மலை. மலையடி மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம். ஈயம் எடுத்த லம்ப நிலம் என்றால் வெறும் மணல், தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது.

அப்போ எப்படி வளர்க்கிறது?

வீட்டில வைக்க ஆசைப்படுறவங்களுக்கும் சேர்த்தே எழுதுறேன். தாமான் வீட்டு முன்னாடி இருக்கிற சின்ன இடத்துலயும் வளர்க்கலாம்.

செண்பகம் விட்டால் 30 மீட்டர் வரை கூட வளரும். ஆனால் பயப்பட வேண்டாம். பூத்து ஓய்ந்ததும் நுனியை வெட்டிக்கொண்டே வந்தால் பத்து, பன்னிரண்டு அடியில் நிறுத்தலாம். எங்க அம்மா வீட்டு மரம் இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல அப்படித்தான் நிக்குது. இந்தப் பூ கிளை நுனியில் இல்லாமல் இலைக் கணுக்களில் வரும். அதனால் வெட்டினால் பக்கக் கிளை கூடும், பூவும் கூடும், தொரட்டி இல்லாமலே பறிக்கலாம்.

மஞ்சள் செண்பகத்தை விதை போட்டு வளர்த்தால் பூக்க ஏழெட்டு வருசம் கூட ஆகலாம். விதை சீக்கிரம் உயிர் விட்டுவிடும், எடுத்த உடனே அந்தச் சிவப்புத் தோலைக் கழுவிவிட்டுப் போட்டுவிடணும். பதியக் கன்றோ ஒட்டுக் கன்றோ என்றால் இரண்டு, மூன்று வருசத்திலேயே பூவைப் பார்க்கலாம்.

குழி இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். ஈப்போ மண்ணுக்குப் பாதிக்குப் பாதி மக்கிய இலை உரமும் காய்ந்த சாணியும் கலக்கணும். தண்ணீர் தேங்கவே கூடாது, தேங்கும் இடம் என்றால் மேடு கட்டி நடுங்கள். காலை வெயில் கட்டாயம் படணும். மரத்தடியில் தேங்காய் மட்டை, காய்ந்த இலை போட்டு மூடி வைக்கலாம், ஆனால் அடிமரத்தை ஒட்டி வேண்டாம். முதல் வருசம் மழை இல்லாத நாளில் தவறாமல் தண்ணீர். விளக்கு கழுவிய எண்ணெய்த் தண்ணீர், வாசல் கழுவிய சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், மூன்றும் ஆகாது.

பதியம் கட்டுறது எப்படின்னு தாத்தா செஞ்சதையே சொல்றேன். பென்சிலை விடக் கொஞ்சம் தடிமனான, நல்லா முத்தின கிளை. ஒரு அங்குல அகலத்துக்குச் சுத்தியும் பட்டையை உரிச்சு, வழவழப்பு போகச் சுரண்டணும். அதைச் சுரண்டாம விட்டா பட்டை மறுபடியும் சேர்ந்துடும், வேர் வராது. நனைச்சுப் பிழிஞ்ச தேங்காய் நாரை உருண்டையா வச்சு, பிளாஸ்டிக்கால சுத்தி, மேலயும் கீழயும் இறுக்கிக் கட்டணும். மலாய்க்காரர் இதைத் துட் என்பார்கள். இரண்டு, மூன்று மாசத்தில் பிளாஸ்டிக் வழியே வெள்ளை வேர் தெரியும். வேர் பழுப்பா மாறினதும் உருண்டைக்குக் கீழே அறுத்துத் தொட்டியில வச்சு, பாதி இலையை எடுத்துட்டு, ஒரு மாசம் நிழல்ல வைங்க. ஒண்ணு கட்டாதீங்க, மூணு கட்டுங்க. தாத்தா ஏன் மூணு கட்டினார்னு எனக்கு இப்பத்தான் புரியுது.

பாம்பு வரும்னு சிலர் பயப்படுவாங்க. பூ வாசத்துக்குப் பாம்பு வர்றதில்லை. அடியில குப்பையும் கட்டையும் சேர்த்து வச்சா எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். சுத்தமா வச்சா போதும்.

இப்போ என் வேண்டுகோள்

போன வருசம் அம்மா வீட்டு மரத்துல மூணு பதியம் கட்டினேன். ரெண்டு பிழைச்சுது. ஒண்ணு கோயிலுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். இப்போ முழங்கால் உயரத்துக்கு மேல வந்துடுச்சு, புதுத் துளிர் விட்டிருக்கு.

வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நிர்வாகக் கூட்டம். வடகிழக்கு மூலையில நாலடிக்கு நாலடி மண் விடணும்னு கேக்கப் போறேன். சுத்திச் சின்னக் கட்டு கட்டலாம், சேறு வெளிய வராது. சக்கர நாற்காலி போற வழியில அது இல்லை, அளந்து பார்த்துட்டேன். இலை பெருக்குறது யாருன்னு கேப்பாங்க. நான் பெருக்குறேன். எனக்கு முடியாத நாள்ல என் மகன் பெருக்குவான், சம்மதம் வாங்கிட்டேன். கூட்டம் வேண்டாம்னு முடிவு பண்ணினாலும் கோவிச்சுக்கிட்டு ஒதுங்க மாட்டேன், தொண்டு தொடரும். ஆனா வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி இந்த மரம் எங்கேயிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லட்டும்னுதான் இவ்வளவு எழுதினேன்.

மத்த தோட்டத்துக் கோயில்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா, தஞ்சோங் ரம்புத்தான், எங்க இருந்தாலும் சரி. உங்க பழைய கோயில் இடத்துல செண்பகமோ, வேற பூ மரமோ இன்னும் நிக்குதான்னு ஒரு தடவை போய்ப் பாருங்க. நின்னா, நிலத்துக்காரர்கிட்ட அனுமதி கேட்டு ஒரு பதியம் கட்டிட்டு வாங்க. எந்தத் தோட்டம், எந்தக் கோயில், யார் நட்டதுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு இங்கேயே கீழே எழுதுங்க. பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வைங்க.

எங்க பழைய மரம் இன்னைக்கு இல்லை. அந்த இடத்துல இப்போ ரெண்டு வரிசை கடைவீடு இருக்கு. ஆனா அம்மா வீட்டுப் பின்னாடி நிக்கிறது அதே மரம்தான், அதோட கிளைதான். கோயிலுக்கு வரப்போறதும் அதே மரம்தான்.

ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி. வரமுடிஞ்சவங்க வாங்க. மண்வெட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க.

அம்மன் துணை. வாழ்க வளமுடன்.